உங்கள் ஓடைக்கு வரும் வாலாட்டியைக் குளிர்காலம் முழுக்கக் கவனிப்பது எப்படி

செப்டம்பர் பிறந்ததும் நீலகிரியில் இருப்பவர்கள் காதைக் கொஞ்சம் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். மழை ஓய்ந்த ஏதாவது ஒரு காலையில் ஓடைப் பக்கமிருந்தோ தேயிலைத் தோட்டத்துச் சாலையிலிருந்தோ 'சிச்சிட்' என்று ஒரு கூர்மையான சத்தம் வரும். உடனே வெளியே வந்து பாருங்கள். முதுகு சாம்பல், வயிற்றுப் பக்கம் மஞ்சள், உடம்புக்குப் பொருந்தாத அளவுக்கு நீளமான வால், அதுவும் ஒரு நொடி நிற்காமல் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். சாம்பல் வாலாட்டி வந்துவிட்டது என்று அர்த்தம். இமயமலை ஓடைக்கரைகளிலும் அதற்கு வடக்கேயும் கூடு கட்டி, குஞ்சு பொரித்து வளர்த்துவிட்டு, 2,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து நம் வீட்டுச் சாக்கடை ஓரத்தில் வந்து இறங்கியிருக்கிறது. இதே இடத்தில் ஏப்ரல் வரைக்கும் இருக்கும்.

வலசைப் பறவைகள் இங்கே கூடு கட்டுவதில்லை, முட்டை குஞ்சு எல்லாம் அங்கேதான், அதனால் இங்கே பார்த்து என்ன தெரிந்துவிடப் போகிறது என்று பலர் கேட்கிறார்கள். நிறையத் தெரியும். அமெரிக்க ரெட்ஸ்டார்ட் என்ற சிறு பறவை ஜமைக்காவில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. பறவை ஆய்வாளர் பீட்டர் மாராவும் அவரோடு வேலை செய்தவர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஈரமான அலையாத்திக் காட்டில் இடம் பிடித்த பறவைகள் உடல் எடை குறையாமல் இருந்து சீக்கிரமே கிளம்பின, வறண்ட புதர்க்காட்டுக்குத் தள்ளப்பட்டவை மெலிந்துபோய்த் தாமதமாகக் கிளம்பின என்று காட்டினார்கள். முதலில் போய்ச் சேரும் பறவைக்கு நல்ல இடம் கிடைக்கும், கூடும் சீக்கிரம் தொடங்கும். பிறகு வந்த ஆய்வுகள் குளிர்கால இடத்தின் தரத்தையும் எத்தனை குஞ்சு தேறியது என்பதையும் நேராகவே இணைத்துக் காட்டின. ஆகவே குன்னூரில் ஒரு ஓடை எப்படி இருக்கிறது என்பது, அடுத்த ஜூனில் இமயமலையில் ஒரு கூட்டில் என்ன நடக்கும் என்பதில் கை வைக்கக்கூடிய விஷயம். நான் இந்தக் கணக்கை எழுத ஆரம்பித்ததற்குக் காரணமே இதுதான்.

சரி, எப்படி ஆரம்பிப்பது? ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் போகிற வழியில் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். பெரிய காட்டைத் தேடி வாரம் ஒருமுறை போவதைவிட, பால் வாங்கப் போகிற வழியில் இருக்கும் ஓடையும் அதன் சின்னப் பாலமும் பத்து மடங்கு பயன்படும். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா. பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் இந்தப் பறவைக்குப் பரவாயில்லை, அவ்வளவு பக்கத்தில் வரும்.

வேறு வாலாட்டியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கறுப்பும் வெள்ளையுமாகப் பெரிதாக இருப்பது வெண்புருவ வாலாட்டி, அது நம் ஊர்ப் பறவை, எங்கும் போகாது. நெஞ்சில் இரண்டு கறுப்புப் பட்டையோடு, மரத்தடி நிழலில் வாலை இடமும் வலமுமாக ஆட்டுவது கொடிக்கால் வாலாட்டி. அதுவும் வலசை வருவதுதான், ஆனால் தாழ்வான காப்பித் தோட்டங்களில்தான் அதிகம் பார்க்கலாம்.

வந்த தேதியை எழுதும்போது எல்லோரும் செய்கிற ஒரு தவறு இருக்கிறது. 'செப்டம்பர் 14, முதல் வாலாட்டி' என்று எழுதிவிட்டுச் சந்தோஷப்பட்டுவிடுவோம். ஆனால் அதற்கு முன்னால் கடைசியாக எப்போது போய்ப் பார்த்தீர்கள், 7ஆம் தேதியா, 13ஆம் தேதியா? 7 என்றால் பறவை நடுவில் எந்த நாளிலும் வந்திருக்கலாம். 13 என்றால் தேதி உறுதி. அதனால் போயும் பறவை கண்ணில் படாத நாளையும் எழுத வேண்டும்: 'போனேன், இருபது நிமிடம் நின்றேன், இல்லை.' இந்த 'இல்லை' இல்லாமல் 'இருக்கிறது' என்பதற்கு மதிப்புக் குறைவு. 2007இல் தொடங்கிய மைக்ரன்ட்வாட்ச் திட்டம் இப்படித்தான் நாடு முழுக்க வலசைப் பறவைகள் வந்த தேதிகளைச் சாதாரண மக்களிடமிருந்து சேர்த்தது. இப்போது இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் போடலாம். போடும்போது வாலாட்டியை மட்டும் போடாமல் அந்த இருபது நிமிடத்தில் கண்ட காக்கை, கொண்டைக்குருவி எல்லாவற்றையும் சேர்த்து முழுப் பட்டியலாகப் போடுங்கள், அப்போதுதான் உங்கள் 'இல்லை'யும் அதில் பதிவாகும்.

அப்புறம் எல்லைக்கு வருவோம். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். வாலாட்டி குளிர்காலத்தில் தனக்கென்று ஓடையில் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு மற்ற வாலாட்டிகளை விரட்டும். எல்லை எங்கே என்று பறவையே காட்டிக்கொடுக்கும். ஓடை ஓரமாக மெதுவாக நடங்கள். அது உங்களுக்கு முன்னால் பத்தடி பறந்து ஒரு கல்லில் உட்காரும், நீங்கள் நெருங்கினால் இன்னும் பத்தடி, மறுபடியும் இன்னொரு கல். இப்படிப் போய்க்கொண்டே இருக்கும், ஒரு இடம் வந்ததும் சட்டென்று எழும்பி, அலை அலையாக வளைந்து, உங்கள் தலைக்கு மேலாகவே பின்பக்கம் திரும்பிவிடும். அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஓடையில் அது ஒரு நாவல் மரத்தின் வேர். நான்கு நாள் நடந்தேன், நான்கு நாளும் அந்த வேரைத் தாண்டவில்லை. மேல்பக்க எல்லை பாலத்துக்கு அடியில். நோட்டில் ஓடையைக் கோடாக வரைந்து, திரும்பிய இடத்தில் எல்லாம் புள்ளி வையுங்கள், ஒரு மாதத்தில் அதன் பட்டாவே கையில் இருக்கும்.

எதற்கு இவ்வளவு கறாரான எல்லை என்றால், சாப்பாட்டுக் கணக்கு. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் தேம்ஸ் நதிக்கரையில், இதன் உறவினரான இன்னொரு வாலாட்டியை நிக் டேவிஸ் என்ற ஆய்வாளர் கவனித்தார். அலை ஒதுக்குகிற பூச்சிகளைப் பொறுக்கிக்கொண்டே அது ஆற்றின் ஒரு கரையில் ஏறி மறு கரையில் இறங்கும், ஒரு சுற்றுக்குச் சுமார் 40 நிமிடம். அதற்குள் முதலில் மேய்ந்த இடத்தில் புதுப் பூச்சி ஒதுங்கியிருக்கும். நடுவில் வேறொரு பறவை வந்து மேய்ந்துவிட்டால் அந்தக் கணக்கு கெட்டுவிடும், அதனால்தான் விரட்டுகிறது. உங்கள் பறவை ஒரே கல்லுக்கு எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதிப் பாருங்கள்.

அடுத்த ஆண்டும் அதே கல்லில் ஒரு வாலாட்டி வந்து உட்காரும்போது மனசு 'அதே பறவைதான்' என்று சொல்லும். இருக்கலாம். பறவையியலாளர் சாலிம் அலி மும்பையில் அடையாளத்துக்காகக் காலில் வளையமிட்ட சாம்பல் வாலாட்டி ஒன்று ஆண்டுதோறும் அதே புல்தரைக்குத் திரும்பி வந்தது. ஆனால் காலில் வளையம் இல்லாமல் நாம் அப்படி எழுதக் கூடாது. 'அதே இடத்தில் ஒரு வாலாட்டி' என்று எழுதுங்கள். வளையம் தெரிந்தால் நிறம், எந்தக் கால், முடிந்தால் எண், எல்லாவற்றையும் படமெடுத்து பாம்பே இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குத் தெரிவியுங்கள்.

வடக்கே கூடு கட்டுகிற இடத்தில் குஞ்சுகள் எவ்வளவு தேறின என்று இங்கிருந்தே ஓரளவு பார்க்க ஒரு வழி உண்டு, ஆனால் வாலாட்டியில் வயது பிரிப்பது கடினம். அதற்குப் பழுப்புக் கீச்சானை எடுத்துக்கொள்ளுங்கள். சைபீரியா, மங்கோலியா பக்கமிருந்து வரும், தேயிலைக்கு நடுவே உள்ள முள்வேலியில் உட்கார்ந்து கரகரவென்று கத்தும். அந்த வருடம் பிறந்தவற்றுக்கு இறக்கைச் சிறகுகளின் விளிம்பில் வெளிர் ஓரமும் அதை ஒட்டிக் கருங்கோடும் இருக்கும். விலாவில் செதில் போன்ற கோடுகளை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், பெண் பறவைக்கும் அது உண்டு. அக்டோபரில் பார்க்கிற கீச்சான்களில் இளசு எத்தனை, முதிர்ந்தது எத்தனை என்று வருடாவருடம் எழுதுங்கள். ஐரோப்பாவில் குளிர்கால வாத்துக்கூட்டங்களில் இளம் பறவைகளை எண்ணித்தான் சைபீரியாவில் அந்தக் கோடை எப்படி இருந்தது என்று கணிக்கிறார்கள். ஐந்தாறு பறவையை வைத்துக்கொண்டு நாம் அப்படி முடிவு சொல்ல முடியாது, பலர் எண்ணினால் முடியும்.

செய்யக் கூடாதவை கொஞ்சம்தான். போனில் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடாதீர்கள், எதிரி வந்துவிட்டது என்று நினைத்து மேய்வதை விட்டு அலையும். நாயை ஓடைக்குள் இறக்காதீர்கள். ஓடையை ஒட்டிய வரிசைக்கு மருந்து அடிக்காமல் விட முடியுமா என்று தோட்டக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், கேட்டால் சிலர் விடத்தான் செய்கிறார்கள்.

ஒரு வருடம் எங்கள் ஓடையில் நாவல் மரத்துக்கு மேலே இருக்கிற பகுதியை, கரை அரிக்கிறது என்று சொல்லி, இரண்டு பக்கமும் அடியிலும் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். டிசம்பர் மாதம். பறவை மூன்று நாள் அந்த வழவழப்பான தரையில் மேலும் கீழும் ஓடியது, நின்று பார்த்தது, கொத்த ஒன்றும் இல்லை. நான்காம் நாள் இல்லை. அந்த நோட்டுப் பக்கத்தை இப்போதும் என்னால் சாதாரணமாகப் புரட்ட முடியவில்லை. ஆனால் தேதியும் வரைபடமும் கையில் இருந்ததால், அடுத்த பகுதிக்கு வேலை வந்தபோது ஊர்க்காரர்களிடம் காட்டிப் பேச முடிந்தது. கீழ்ப்பகுதியில் கல் அடுக்கி மட்டும் கட்டினார்கள், இப்போது அங்கே ஒரு வாலாட்டி வருகிறது.

பிப்ரவரி கடைசியிலிருந்து தொண்டையைப் பாருங்கள். குளிர்காலம் முழுக்க வெள்ளையாக இருந்த ஆணின் தொண்டையில் கறுப்புப் பொட்டுகள் விழ ஆரம்பிக்கும், பிறகு அவை சேர்ந்து முழுக் கறுப்பாகும், மஞ்சளும் ஏறும். கூடு கட்டும் காலத்து உடுப்பை இங்கேயே போட்டுக்கொண்டுதான் கிளம்பும். முதல் பொட்டு தெரிந்த தேதி, தொண்டை முழுக்கக் கறுத்த தேதி, இரண்டையும் எழுதுங்கள். கிளம்பிய தேதியைக் குறிப்பதற்கும் வந்ததற்குச் சொன்ன அதே விதிதான்: கடைசியாகப் பார்த்த நாளுக்குப் பிறகு குறைந்தது பத்து நாளாவது தொடர்ந்து போய் 'இல்லை' என்று எழுதிய பிறகே அந்த வருடக் கணக்கை மூடுங்கள். நோட்டைப் பத்திரமாக வையுங்கள், ஆகஸ்ட் கடைசி வாரம் மறுபடியும் எடுக்க வேண்டும்.