கூரை முடிவாகாம தூண் போடாதீங்கப்பா: ஸ்டேடியம் வேலையில தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் புதுசா சேர்ந்த பிளானிங் பையன் ஒருத்தன் ஒரு இண்டோர் ஸ்டேடியத்துக்கு பார் சார்ட் (எந்த வேலை எப்போன்னு காட்டற அட்டவணை) போட்டுக் கொண்டு வந்தான், திறப்பு விழா தேதிய கடைசியில வச்சுட்டு அங்கருந்து பின்னாடி எண்ணிக்கிட்டே வந்திருக்கான். பதினஞ்சு வருஷம் முன்னாடி நானும் அச்சு அசலா இதேதான் பண்ணேன். மழை வரும், கம்பி விலை ஏறும், பொங்கலுக்கு ஆளுங்க ஊருக்குப் போயிடுவாங்க, இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுடறேன்.

கூரை டிசைன் முடிவாகறதுக்கு முன்னாடி பைல் (தரைக்குள்ள ஆழமா இறக்கற அஸ்திவாரத் தூண்) போடறது

இதை நினைச்சா இன்னைக்கும் பத்திக்கிட்டு வருது. சாதாரண கட்டடம்னா நடுவுல தூண் கொடுத்து சமாளிச்சுடலாம். ஸ்டேடியத்துல பார்க்கிறவன் கண்ணுக்குக் குறுக்க எதுவும் நிக்கக் கூடாது, அதனால கூரை பாரம் மொத்தமும் ஓரத்துத் தூணுக்குத்தான் வரும். கூரை மாறினா தூண் மாறும், தூண் மாறினா பைல் மாறும். ஆனா பூமி பூஜை முடிஞ்ச மறுநாளே "சைட்ல ஏதாவது நடக்கணும்"னு ஒரு அவசரம் வரும் பாருங்க, அங்கதான் சறுக்கல்.

எங்க சைட்ல டிரஸ் (கூரையத் தாங்கற இரும்புச் சட்டம்) டிராயிங்ல "ஹோல்டு"னு சீல் இருந்துச்சு, இன்னும் முடிவாகல, நிறுத்தி வைன்னு அர்த்தம். நான்தான் பரவாயில்லன்னு தூண் வரைக்கும் கான்கிரீட் போட வச்சேன். அப்புறம் நடுவுல பெரிய ஸ்கோர்போர்டு தொங்கணும்னாங்க, ஏசி டக்ட் மேல போகணும்னாங்க, டிரஸ் கனமாயிடுச்சு, அதைத் தூண் மேல உட்கார வைக்கிற பேஸ் பிளேட் பெருசாயிடுச்சு, தூண்ல ஏற்கனவே புதைச்சு வச்ச ஆங்கர் போல்ட் ஒண்ணுகூட ஓட்டையில உட்காரல. தூண் தலைய உடைச்சு, சுத்தி இன்னொரு அடுக்கு கான்கிரீட் போட்டு (ஜாக்கெட்டிங்) பருமனாக்கி, அதுக்குள்ள கிரேன் சும்மா நின்னு வாடகை ஓடி... அந்த வேரியேஷன் பில்லுல, அதாவது கூடுதல் வேலைக்கான பில்லுல, கையெழுத்து போட எவனும் வரல.

நான் பண்ணது சின்ன அளவு. பெரிய அளவுல பார்க்கணும்னா கனடாவோட மாண்ட்ரியல். 1976 ஒலிம்பிக்ஸுக்கு மேயர் ட்ரபோ, ஒலிம்பிக்ஸ்ல நஷ்டம் வர்றதும் ஆம்பளைக்குப் பிள்ளை பொறக்கிறதும் ஒண்ணுன்னு பேசினவரு. 1970-ல ஸ்டேடியத்துக்குச் சொன்ன கணக்கு 13.4 கோடி கனடா டாலர். சாய்ஞ்ச கோபுரம், அதுலருந்து கேபிள்ல மேல இழுக்கிற மடக்குக் கூரைன்னு யாரும் கட்டிப் பார்க்காத டிசைன். தேதி மட்டும் நகராது. ஸ்ட்ரைக், விலைவாசி எல்லாம் சேர்ந்து, 1975 கடைசியில கியூபெக் மாகாண அரசே வேலைய கையில எடுத்துச்சு. போட்டி ஆரம்பிச்சப்போ கோபுரம் பாதியில நிக்குது, கூரையே கிடையாது. கோபுரம் முடிஞ்சது 1987-ல, அதாவது ஓடினவங்க எல்லாம் ரிட்டயர் ஆனதுக்கப்புறம். கடன் தீர்ந்தது 2006-ல, சிகரெட் வரி போட்டு. செல்லப்பேரு "பிக் ஓ", இங்கிலீஷ்ல கடன்படறதுக்கான "owe"-வும் அதே உச்சரிப்புதான், அதனால "பெரிய கடன்"னும் அர்த்தம் வரும். அப்புறமா போட்ட கூரை கிழிஞ்சு, மாத்தி, 1999-ல பனி பாரத்துல அதுவும் கிழிஞ்சு, 2024-ல இன்னொரு புதுக் கூரைக்கு 87 கோடி டாலர்னு அறிவிச்சாங்க.

டோக்கியோ பொழச்சுக்கிச்சு. 2020 ஒலிம்பிக்ஸுக்கு ஆர்க்கிடெக்ட் ஸாஹா ஹதீத் போட்ட ஸ்டேடியம் டிசைன் 13,000 கோடி யென்ல ஆரம்பிச்சு 25,200 கோடிக்குப் போச்சு, பெரிய காரணம் அந்த ரெண்டு ராட்சச வளைவு. 2015 ஜூலையில தூக்கிப் போட்டுட்டு வேற டிசைனுக்குப் போனாங்க. அவமானம்தான், ஆனா கட்டுறதுக்கு முன்னாடி பட்ட அவமானம்.

ஃபிக்ஸட் பிரைஸ் (முன்கூட்டியே பேசி முடிச்ச ஒரே தொகை) போட்டா ரிஸ்க் போயிடும்னு நம்பறது

லண்டன்ல புது வெம்பிளி ஃபுட்பால் ஸ்டேடியம் ஃபிக்ஸட் பிரைஸ் கான்ட்ராக்ட்தான். 133 மீட்டர் உயர வளைவு, 2004-ல ஸ்டீல் கான்ட்ராக்டரோட சண்டை, அவங்க பாதியில வெளிய போயிட்டாங்க, வழக்கு வருஷக்கணக்கா இழுத்துச்சு. மெயின் கான்ட்ராக்டருக்கு பயங்கர அடி. சரி, ஓனர் தப்பிச்சாரான்னா, அங்க நடக்க வேண்டிய 2006 எஃப்ஏ கப் ஃபுட்பால் ஃபைனல் வேற ஊர்ல, கார்டிஃப்ல நடந்துச்சு, ஸ்டேடியம் திறந்தது 2007. ரேட்ட பூட்டலாம், நாள பூட்ட முடியாது.

வாய்வார்த்தையில வேலை மாத்தறது

எழுதி வாங்குங்க.

கன்டிஜென்சிய (எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கி வச்ச பணத்த) முதல் மாசமே தொடறது

கைய வெட்டிடுவேன்.

திறந்ததுக்கப்புறம் கரண்ட் பில் யாருதுன்னு கேக்காம விடறது

டெண்டருக்கு முன்னாடி கேளுங்க. மூஞ்சி சுளிப்பாங்க, பரவாயில்ல.

அந்தப் பையன் நேத்து சார்ட்ட திருத்திக் கொண்டு வந்தான். டிரஸ் டிராயிங் அப்ரூவல் முதல்ல, பைல் அதுக்கப்புறம், திறப்பு விழா நாலு மாசம் தள்ளிப் போயிருக்கு. மேனேஜர் இன்னும் பார்க்கல.