பெடல் அமுங்கியது, காற்று போகவில்லை

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சொந்த வண்டியை ஓட்டும் டிராக் டேக்கு முன்னால் என் டர்போ ஹேட்ச்பேக்கின் முன் காலிப்பர்களுக்கு (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) சீல் கிட் (உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள்) மாற்றினேன். வேலை பக்கத்து ஒர்க்‌ஷாப்பில். வண்டி திரும்பி வந்ததிலிருந்து பிரேக் பெடல் பாதி வரை பஞ்சு மாதிரி அமுங்கும். இரண்டாவது மிதியில் கல் மாதிரி நிற்கும்.

பிரேக் ஆயில் லைனில் காற்று புகுந்திருக்கிறது என்று புரிந்தது. அதைத்தான் வெளியேற்ற முடியவில்லை. நாலு சக்கரத்திலும் மூன்று முறை பிளீட் செய்தேன் (பெடலை மிதித்து ஆயிலோடு காற்றை வெளியே தள்ளுவது), ஒரு லிட்டர் டாட் 4 பிரேக் ஆயில் காலி. அதற்குள் காற்று சிக்கியிருக்குமோ என்று ஸ்கேனர் போட்டு ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) பம்பை ஓட்டியும் பயனில்லை. மாஸ்டர் சிலிண்டர் (மிதிக்கும்போது ஆயிலை அழுத்தித் தள்ளும் பாகம்) போயிருக்கும் என்றார்கள். நல்லவேளை, வாங்கவில்லை.

நான்காம் நாள் முன் சக்கரங்களுக்குப் போகும் பிரேக் ஹோஸ் இரண்டையும் கிளாம்பால் மெதுவாக நசுக்கிப் பிடித்து மிதித்தேன். பெடல் உடனே கெட்டியானது. அப்போ கோளாறு முன்பக்கம்தான். (ரப்பர் ஹோஸில் மட்டும் இதைச் செய்யுங்கள், ஸ்டீல் பின்னல் ஹோஸில் வேண்டாம்.)

சக்கரத்தைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தேன். பிளீட் நிப்பிள் (காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகு) காலிப்பரின் அடியில் இருந்தது! இடது வலதாகவும் வலது இடதாகவும் மாட்டியிருக்கிறார்கள். போல்ட், ஹோஸ் எல்லாம் கச்சிதமாகப் பொருந்துவதால் சந்தேகமே வராது. காற்று மேலேதான் தங்கும், நிப்பிளோ கீழே. எத்தனை லிட்டர் ஊற்றினாலும் ஆயில் மட்டும்தான் வரும்.

பக்கம் மாற்றி மாட்டி, உள்ளே தெரியும் குழாய் போட்டு நிப்பிளைத் திறந்தேன். குபுகுபுவென்று குமிழிகள். பத்து மிதியில் பெடல் மேலே வந்துவிட்டது.