ஒப்பந்தத்தில் 3.3 என்று இருந்தால் பேனாவை மூடுங்கள்: கொரியாவுக்கு ஆசிரியராக வருவோர் செய்யும் தவறுகள்

போன வாரம் டொரன்டோவிலிருந்து ஒரு தம்பி காகாவோடாக் செயலியில் தன் ஒப்பந்தத்தைப் படமெடுத்து அனுப்பினான். டேகு நகரத்தில் ஒரு ஹாக்வானில் வேலை. ஹாக்வான் என்றால் நம் ஊர் டியூஷன் சென்டர்தான், கொஞ்சம் பெரிய அளவில். "வரி வெறும் 3.3 சதவீதம்தானாம் அண்ணா!" என்று கீழே எழுதியிருந்தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பல வருடத்துக்கு முன்னால் இதே வாக்கியத்தை இதே சந்தோஷத்தோடு என் அம்மாவிடம் நான் சொல்லியிருக்கிறேன்.

வாசலில் செருப்பைக் கழற்றுவது, பெரியவர்களிடம் இரண்டு கையால் வாங்குவது எல்லாம் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

3.3

சாதாரண ஊழியர் என்றால் சம்பளத்தில் நான்கு காப்பீடுகள் பிடிக்கப்படும். இங்கே "சாதே பொஹம்" என்பார்கள்: ஓய்வூதியம், மருத்துவம், வேலையிழப்பு, பணியிட விபத்து. ஓய்வூதியத்துக்கும் மருத்துவத்துக்கும் முதலாளி சரிபாதி போட வேண்டும். விபத்துக் காப்பீடு முழுக்க அவர் செலவு. ஒரு வருடம் முடித்துக் கிளம்பினால் கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாகவும் தர வேண்டும்.

இதையெல்லாம் தவிர்க்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. உங்களை ஊழியர் என்று காட்டாமல், தனியாகத் தொழில் செய்பவர் என்று காட்டிவிடுவது. அப்படிப்பட்டவருக்குப் பிடிப்பது 3 சதவீத வருமான வரியும் 0.3 சதவீத உள்ளூர் வரியும் மட்டும். பார்க்கக் குறைவு, கைக்கு வரும் பணமும் கூடுதல். இனிப்பு அங்கேதான் இருக்கிறது.

என் மாதச் சம்பளம் 21 லட்சம் வான் (கொரியப் பணம்). மாதம் 69,300 போக மீதி கையில். ஒழுங்காக நடந்திருந்தால் அன்றைய கணக்குப்படி ஓய்வூதியத்துக்கு நான் 4.5 சதவீதம், அதாவது 94,500, ஹாக்வானும் அதே அளவு கட்டியிருக்க வேண்டும். (2026 முதல் இது 4.75.) கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா பாஸ்போர்ட்காரர்கள் நாட்டைவிட்டுப் போகும்போது இரண்டு பங்கையும் மொத்தமாக வாங்கிக்கொண்டு போகலாம். ஆக ஹாக்வானின் பங்கு வருடத்துக்கு 11,34,000, பணிக்கொடை 21 லட்சம். ஒரே வருடத்தில் 32 லட்சத்துக்கு மேல் கோட்டை விட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் பனியில் வழுக்கி மணிக்கட்டு வீங்கியது. ஹாக்வான் இயக்குநர் தானே காரோட்டி மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். வரும் வழியில் சொல்லோங்தாங், எலும்புச் சூப், வாங்கிக் கொடுத்தார். எக்ஸ்ரேக்கு முழுக் காசும் என் பையிலிருந்து போனது. காப்பீடு எங்கே என்று கேட்க வாய் வரை வந்தது. சூப் வாங்கித் தந்த மனிதரிடம் எப்படிக் கேட்பது என்று விழுங்கிவிட்டேன். இன்றுவரை எனக்கு எரிச்சல் அவர் மேல்கூட இல்லை, அந்த விழுங்கலின் மேல்தான்.

இப்போது இன்னும் மோசம். 2019 ஜூலையிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் வெளிநாட்டவருக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். வேலையிடம் சேர்க்காவிட்டால் சந்தா முழுவதும் உங்கள் தலையில்.

சரி, கையெழுத்துப் போட்டாயிற்று, இனி என்ன? காகிதத்தில் "சுயதொழில்" என்று எழுதியதால் மட்டும் நீங்கள் சுயதொழில் செய்பவர் ஆகிவிட மாட்டீர்கள். எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்தப் புத்தகம் நடத்த வேண்டும் என்பதை இயக்குநர் முடிவு செய்கிறாரா? அப்படியானால் நீங்கள் ஊழியர்தான் என்று தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், அதற்குக் கட்டணமில்லை. 1350க்கு அழைத்தால் விவரம் சொல்வார்கள். சம்பளச் சீட்டு, கால அட்டவணை, இயக்குநர் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள். பணிக்கொடையைக் கேட்க மூன்று வருடம் வரைதான் அவகாசம். எனக்கு விஷயம் தெரிந்தது நாலாவது வருடம்.

தம்பியை ஒரு கேள்வி மட்டும் கேட்கச் சொன்னேன்: "நான்கு காப்பீடும் உண்டா?" மறுநாள் பதில் வந்தது. "மற்ற ஆசிரியர்கள் யாரும் இதைக் கேட்கவில்லையே" என்றாராம் அந்த ஹாக்வான் இயக்குநர். கையெழுத்துப் போடாமல் வேறு இடம் தேடுகிறான்.

11 மாத ஒப்பந்தம்

ஒரு வருடம் முடியாவிட்டால் பணிக்கொடை கிடையாது. புரிகிறதா?

தனி டியூஷன்

ஈ-2 விசாவில், அதாவது மொழி ஆசிரியர்களுக்கான விசாவில், சட்டவிரோதம். எதிர்வீட்டு அம்மா எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் சரி.

சிவப்புப் பேனா

விடைத்தாள் திருத்தலாம். பிள்ளையின் பெயரை மட்டும் அதில் எழுதாதீர்கள். செத்தவர் பெயரை எழுதுகிற நிறம் என்பார்கள். என் வகுப்பில் ஒரு சின்னப் பெண் தாளைத் திருப்பிக் கொடுத்து, கறுப்பில் எழுதித் தரும் வரை நகரவில்லை.

குப்பை

மாநகராட்சிப் பையைக் கடையில் வாங்கித்தான் போட வேண்டும், உணவுக்கழிவு தனி. கோழி எலும்பு உணவுக்கழிவில் சேராது. இதற்காகக் கீழ்வீட்டுத் தாத்தா என் பையை வாசலிலேயே பிரித்துப் பாடம் நடத்தினார்.

பாய்லர்

ஜனவரியில் ஊருக்குப் போகும்போது காசு மிச்சம் என்று வீட்டைச் சூடாக்கும் பாய்லரை அணைத்துவிட்டுப் போகாதீர்கள். சுவரில் இருக்கும் கருவியில் "வெச்சுல்" என்று ஒரு பொத்தான் இருக்கும்; வெளியே போகிறேன் என்று அர்த்தம். அதை அழுத்திவிட்டுக் கிளம்புங்கள். நான் அணைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது குழாய் உறைந்து, ஆள் வந்து சரிசெய்யும் வரை மூன்று நாள் பள்ளிக் கழிப்பறையில்தான் பல் தேய்த்தேன்.