வாங்கிய வீட்டில் மறைந்திருந்த குறை: விற்றவரிடம் கேட்பது எப்படி?

குடியேறி முதல் மழை பெய்ததும் சுவரில் ஓதம் ஏறுகிறது. புதுப் பெயின்ட் உரிந்து, அடியில் பழைய கசிவின் கறை தெரிகிறது. விற்றவரைக் கேட்க முடியுமா? முடியும், எல்லாக் குறைக்கும் அல்ல.

படி 1: குறை எந்த வகை?
உடைந்த ஜன்னலைப் பார்த்துவிட்டு வாங்கியவர் பிறகு சண்டைக்குப் போக முடியாது. சுவருக்குள் ஓடும் குழாயில் ஓட்டை, இறங்கிப்போன அஸ்திவாரம், மரச்சட்டத்தை உள்ளே தின்ற கரையான் போன்றவைதான் மறைந்த குறைகள்.

படி 2: உடனே பூசி மூடாதீர்கள்
பலர் கோட்டை விடுவது இங்கேதான். பதறிப்போய்க் கொத்தனாரைக் கூப்பிட்டால், ஆதாரமும் பூச்சுக்குள் போய்விடும். முதலில் தேதியோடு படம் எடுங்கள். அப்புறம், இரு தரப்பையும் சாராத ஒரு கட்டடப் பொறியாளரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். விற்பனைக்கு முன்பே குறை இருந்ததா என்பதற்கு அதில் பதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த அறிக்கையால் பெரிய பயன் இல்லை. சேதம் பரவாமல் தற்காலிகமாகத் தடுப்பதில் தவறில்லை.

படி 3: விற்றவருக்குத் தெரியுமா?
இது நாட்டுக்கு நாடு மாறும். பிரான்சில் தெரியாமல் விற்றாலும் பொதுவாகப் பொறுப்பு உண்டு. இந்தியாவில் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 55ஆவது பிரிவு, விற்பவர் தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. இங்கிலாந்தில் பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு. ஆனால் கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னால் விற்றவர் மாட்டுவார். பழைய ரிப்பேர் பில், முன்பு வேலை பார்த்த பிளம்பர், பக்கத்து வீட்டுக்காரர் என்று தேடுங்கள். அந்தப் புதுப் பெயின்ட்கூட ஒரு தடயம்தான்.

படி 4: பத்திரத்தைப் படியுங்கள்
‘உள்ளது உள்ளபடி’ (அதாவது, பின்னால் தெரியும் குறைக்கு விற்றவர் பொறுப்பில்லை) என்ற வரி இருந்தால் சிக்கல்தான். ஆனாலும் ஜெர்மனியில், தெரிந்தே மறைத்தவரை அந்த வரி காப்பாற்றாது.

படி 5: எழுத்தில் கேளுங்கள்
போனில் கத்துவது நோட்டீஸ் ஆகாது. குறை, தேதி, அறிக்கையின் நகல், உங்கள் கோரிக்கை எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பழுதுச் செலவோ விலைக் குறைப்போ கேட்கலாம். விற்பனையையே ரத்து செய்வது குறை மிகப் பெரிதாக இருந்தால்தான். வழக்குப் போடுவதற்கான கெடுவைத் தவறவிடாதீர்கள்: பிரான்சில் குறையைக் கண்டுபிடித்ததிலிருந்து 2 ஆண்டு, ஜெர்மனியில் கட்டடத்துக்குப் பொதுவாக ஒப்படைத்ததிலிருந்து 5 ஆண்டு. உங்கள் ஊர்க் கணக்கை வக்கீலிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.