பிஎல்சி நின்றுபோனால் அவுட்புட் என்ன ஆகும்?

ஆலை இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியின் லாஜிக்கை நாள்கணக்கில் சோதிப்பவர்கள்கூட, அது பழுதானால் அவுட்புட்டுகள் (வால்வு, மோட்டார் போன்றவற்றுக்கு அது அனுப்பும் சிக்னல்கள்) எந்த நிலைக்குப் போகும் என்ற செட்டிங்கைத் திறந்தே பார்ப்பதில்லை.

'எல்லாம் ஆஃப் ஆகிவிடும், ஆபத்தில்லை' என்ற நினைப்பிலிருந்துதான் பாதித் தவறுகள் வருகின்றன. பர்னரின் கேஸ் வால்வு மூடிக்கொள்வது சரி. ரியாக்டருக்குக் குளிர்நீர் விடும் வால்வும் கூடவே மூடிக்கொண்டால்? உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். அந்த இடத்துக்கு, கரண்டோ காற்றோ போனதும் ஸ்பிரிங் தானே திறந்துவிடும் வால்வுதான் வேண்டும். அதை மென்பொருளில் சரிக்கட்ட முடியாது. சீமென்ஸ் எஸ்7-1500 பிஎல்சியின் பல டிஜிட்டல் (ஆன்/ஆஃப்) அவுட்புட் மாட்யூல்களில், அதன் மூளையான சிபியு ஸ்டாப்புக்குப் போனால் ஆஃப் ஆகவா, கடைசி நிலையிலேயே நிற்கவா, ஆன் ஆகவா என்று தேர்ந்தெடுக்கலாம். ஆனால் மாட்யூலுக்கு வரும் 24 வோல்ட் போய்விட்டால் மூன்றும் ஒன்றுதான், அவுட்புட் செத்துவிடும்.

உற்பத்தி தடைபடக் கூடாது என்று 'கடைசி நிலை'யை எல்லாவற்றுக்கும் போட்டுவிடுவது அடுத்த வம்பு. தொட்டியை நிரப்பும் பம்ப் அப்படியே ஓடும். நிறைந்ததைப் பார்த்து நிறுத்த பிஎல்சி உயிரோடு இல்லை.

என் கணக்கில் அதிகம் கோட்டைவிடும் இடம், மோட்பஸ் என்ற தகவல்தொடர்பு முறையில் பிஎல்சியிடம் கட்டளை வாங்கி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்தான். பிஎல்சியில் எல்லா அவுட்புட்டும் ஆஃப், ஆனால் மோட்டார் கடைசியாகச் சொன்ன வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். பல டிரைவ்களில் தொடர்பு அறுந்ததைக் கண்டுபிடிக்கும் டைம்அவுட் 0 என்று இருந்தால் அந்தக் கண்காணிப்பே கிடையாது என்று பொருள். பிஎல்சி பக்கம் எவ்வளவு தேடினாலும் இது சிக்காது. டிரைவின் பாராமீட்டரில்தான் பார்க்க வேண்டும்.

4 முதல் 20 மில்லிஆம்பியர் வரை மாறும் அனலாக் அவுட்புட்டில், பிஎல்சி நின்றதும் போக வேண்டிய மாற்று மதிப்பு 4 மில்லிஆம்பியர் என்றால் வால்வு மூடும் என்று பழக்கத்தில் எழுதிவிடுகிறார்கள். சிக்னலுக்கேற்ப வால்வை நகர்த்தும் பொசிஷனர் தலைகீழாகச் செட் ஆகியிருந்தால் அதுவே முழுத் திறப்பு.

இந்த செட்டிங்கை எமர்ஜென்சி ஸ்டாப்புக்கு மாற்றாக நினைப்பதும் நடக்கிறது. ரிலே காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால், டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால், எந்த செட்டிங்கும் அவுட்புட்டை விடுவிக்காது. எமர்ஜென்சி ஸ்டாப், சேஃப்டி ரிலே வழியாக, மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான காண்டாக்டரை நேரடியாக வெட்ட வேண்டும்.

கமிஷனிங்கில், அதாவது முதன்முதலாக இயக்கிச் சோதிக்கும் கட்டத்தில், சிபியுவை ஸ்டாப்பில் போடுவது, நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குவது, 24 வோல்ட்டை அணைப்பது என மூன்றையும் தனித்தனியே செய்து பாருங்கள். கேபிளைத் திரும்பச் செருகும்போது, யாரும் ரீசெட் அழுத்தாமலே மோட்டார் கிளம்புகிறதா என்பதையும் கவனியுங்கள்.