மதில் தாண்டிய கிளைக்கும் நாம்தான் பொறுப்பு

சென்னையில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்குள் மதிலுக்கு வெளியே நீளும் கிளைகளை வீட்டுக்காரர்தான் கழிக்க வேண்டும். என் வாசலில் முதலில் முருங்கையைத்தான் பார்ப்பேன். காற்றடித்தால் சட்டென்று முறியும் மரம் அது. அப்புறம் காகிதப்பூ. அதன் முள் சரியாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கண் உயரத்தில் நிற்கும், தயவுசெய்து ஒதுக்கி வெட்டுங்கள்.

கனமான கிளையை மேலிருந்து ஒரே மூச்சில் அறுக்காதீர்கள், பட்டை உரிந்து அடிமரம் வரை கிழிந்துவிடும். தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுங்கள். பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை விழவிடுங்கள். மிச்சக் கட்டையை, கிளை தொடங்கும் இடத்திலுள்ள புடைப்பைத் தொடாமல் எடுங்கள். காயம் தானே மூடிக்கொள்ளும். கூடு இருந்தால் குஞ்சு பறக்கும்வரை பொறுங்கள்.

மின்கம்பியை ஒட்டிய கிளையில் கை வைக்கவே கூடாது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குச் சொல்லுங்கள்: 94987 94987.

தெருவோர மரம் மாநகராட்சியுடையது. நாமாக வெட்டக் கூடாது, மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் சொல்ல வேண்டும். ஆனால் அதன் அடியைச் சுற்றி சிமென்ட் பூசாமல், ஆணி அடிக்காமல் காப்பது நம் வேலை. வெட்டிய தழையை மழைநீர் வடிகால் மேல் குவிக்காதீர்கள்.