புது வடிவ அமெரிக்க செடானைப் பார்ப்பது எப்படி: முகத்தைக் கடைசியில் பாருங்கள்

ஒரு செடான் புது வடிவத்தில் வந்திருக்கிறது என்றால் எல்லோர் கண்ணும் முதலில் கிரில்லுக்கும் ஹெட்லைட்டுக்கும்தான் போகும். காரில் மாற்றுவதற்குச் செலவு குறைந்த இடமும் அதுதான். பம்பர் உறை, கிரில், விளக்கு எல்லாம் கிளிப்பும் போல்ட்டும் போட்டு மாட்டுகிற பாகங்கள். சக்கரங்கள் நிற்கும் இடம், முன் கண்ணாடியின் அடி, கூரை இறங்கும் விதம் ஆகியவற்றை மாற்றுவது அப்படியல்ல. அதற்குப் பிளாட்ஃபாரத்திலேயே, அதாவது காரின் அடிக்கட்டமைப்பிலேயே கை வைக்க வேண்டும், தகட்டை அழுத்தி வடிக்கும் அச்சுகளைப் புதிதாகச் செய்ய வேண்டும். அதனால் வடிவமைப்பாளர்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள, பக்கவாட்டில் தொடங்கி முகத்தில் முடிப்பதே சரியான வரிசை.

இங்கே பெரும்பாலும் செவ்ரோலே மாலிபுவை எடுத்துக்கொள்வோம். 2012, 2013, 2016 மாடல்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு உடல்வாகுகள் கிடைக்கும். அழகான கார் என்பதற்காக அல்ல, பாடத்துக்கு ஏற்ற கார் என்பதற்காகத்தான் இந்தத் தேர்வு.

எங்கே நிற்பது, எந்த வெளிச்சத்தில்

காரிலிருந்து எட்டு, பத்து மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் நில்லுங்கள். கண் கதவுக் கைப்பிடி உயரத்துக்கு வரும்படி சற்றுக் குனியுங்கள். நின்ற உயரத்திலிருந்து பார்த்தால் பானட்டும் கூரையும் அதிகமாகத் தெரியும், பக்கங்கள் மெலிந்துபோகும். போனில் படம் எடுப்பதானால் 2x அல்லது 3x லென்ஸை வைத்து, பின்னால் நகர்ந்து எடுங்கள். சாதாரண லென்ஸோடு இரண்டு மீட்டர் பக்கத்தில் போய் எடுத்தால், அருகிலிருக்கும் மூக்கு பெருத்துப் பின்பக்கம் சுருங்கிவிடும். “நேரில் நன்றாக இருக்கிறது, படத்தில் சகிக்கவில்லை” என்ற புகாரில் பாதி இந்தத் தவறிலிருந்து வருவது.

மேகமூட்டமான பகல் நல்லது, சூரியன் மறைந்த அடுத்த கால் மணி நேரம் அதைவிட நல்லது. வானம் முழுவதும் ஒரே விளக்காக மாறித் தகட்டின் வளைவுகளை அப்படியே காட்டும். ஷோரூமில் கூரை முழுக்கச் சிறு சிறு விளக்குகள் இருப்பதால் எந்தப் பரப்பும் முழுசாகத் தெரியாது, எல்லாம் மினுமினுக்கும். நிறமும் முக்கியம். வளைவுகளைப் பார்க்க வெள்ளி அல்லது நடுத்தரச் சாம்பல் நிறக் காரைத் தேடுங்கள். வெள்ளை மடிப்புகளை விழுங்கிவிடும். கறுப்பில் பிரதிபலிப்பு தெளிவாக விழும், ஆனால் கோடுகள் தொலைந்துபோகும்.

சக்கரமே அளவுகோல்

நேர்ப் பக்கவாட்டுப் படம் ஒன்றை எடுத்து, டயரின் வெளி விட்டத்தை ஒரு அலகாக வைத்துக்கொள்ளுங்கள். முன் டயரின் பின் விளிம்பிலிருந்து பின் டயரின் முன் விளிம்பு வரை எத்தனை டயர் அடங்குகிறது என்று எண்ணுங்கள். மூன்றை ஒட்டி வந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும் என்பது வடிவமைப்பு மாணவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் கணக்கு.

225/55R17 டயரின் (225 மி.மீ. அகலம், பக்கச்சுவர் அதில் 55%, ரிம் 17 அங்குலம்) வெளி விட்டம் சுமார் 679 மி.மீ. இதை வைத்து மாலிபுவைக் கணக்கிடலாம். 2012 மாடலின் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) 112.3 அங்குலம், அதாவது 2,852 மி.மீ. இடைவெளியில் 3.2 டயர் அடங்கும். 2013-ல் வீல்பேஸ் 107.8 அங்குலமாகக் குறைந்தது, அதாவது 2,738 மி.மீ. கணக்கு 3.03. விதிப்படி பார்த்தால் 2013 மாடல்தான் அழகாக இருந்திருக்க வேண்டும். பார்த்தவர்களுக்கோ அது கனத்துப்போன காராகவே தெரிந்தது.

காரணம் ஓவர்ஹேங், அதாவது சக்கர மையத்துக்கு வெளியே முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி. வீல்பேஸ் 114 மி.மீ. குறைந்தும் காரின் நீளம் ஏறக்குறைய அப்படியே இருந்தது: 191.8 அங்குலத்திலிருந்து 191.5. சக்கரங்களுக்கு நடுவே இழந்ததில் பெரும்பகுதி மூக்குக்கும் வாலுக்கும் போய்விட்டது. உள்ளேயும் இதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. பின் இருக்கையில் முழங்கால் இடம் போதவில்லை என்ற குறை பலமாக எழுந்தது. 2016 மாடலில் வீல்பேஸ் 111.4 அங்குலத்துக்கு ஏறியது, நீளம் 193.8-க்குத்தான் ஏறியது. வீல்பேஸ் 91 மி.மீ. கூட, நீளம் 58 மி.மீ. மட்டுமே கூடியதால் ஓவர்ஹேங் சுருங்கியது. கூடவே ஏறக்குறைய 300 பவுண்டு எடையும் குறைந்தது. அந்தக் காரைப் பார்த்து “மெலிந்துவிட்டது” என்று சொன்னவர்கள் கிரில்லைத்தான் காரணம் காட்டினார்கள். பெரிய வேலையைச் செய்தது சக்கரத்தின் இடம்.

ஆக, மூன்று டயர் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். வீல்பேஸை மொத்த நீளத்தால் வகுத்தும் பாருங்கள். மாலிபுவில் அது 2012-ல் 58.5%, 2013-ல் 56.3%, 2016-ல் 57.5%. நடுத்தர அளவுச் செடானில் 57-க்குக் கீழே போனால் பெரும்பாலும் மூக்கு நீண்டு தெரியும்.

அடுத்து, முன் தூணின் (முன் கண்ணாடியின் ஓரத்தில் கூரையைத் தாங்கும் தூண்) சாய்வை ஒரு ஸ்கேல் வைத்துக் கீழே நீட்டுங்கள். கோடு முன் சக்கரத்தின் எந்த இடத்தைத் தொடுகிறது என்று பாருங்கள். எஞ்சின் குறுக்காக உட்கார்ந்து முன் சக்கரத்தை இயக்கும் கார்களில், முன் கதவின் விளிம்பு சக்கரத்துக்கு மிக அருகில் வந்துவிடும். கிறைஸ்லர் 300 போல எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்து பின் சக்கரத்தை இயக்கும் காரில் சக்கரம் முன்னே தள்ளி நிற்கும், கதவுக்கும் அதற்கும் நடுவே தாராளமாகத் தகடு இருக்கும். “கம்பீரமாக இருக்கிறது” என்று நாம் சொல்வதில் கணிசமான பங்கு அந்தத் தகட்டுக்கு உண்டு. முன் சக்கர இயக்கக் காரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. தனக்குக் கொடுத்த எலும்புக்கூட்டை அது எப்படிக் கையாண்டிருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

ரிம் பற்றி ஒரு எச்சரிக்கை. 245/40R19 டயரின் வெளி விட்டமும் அதே 679 மி.மீ.தான். ரிம் பெரிதாகும்போது சக்கரம் பெரிதாவதில்லை, ரப்பரின் பக்கச்சுவர்தான் 124-லிருந்து 98 மி.மீ. ஆகிறது. விளம்பரப் படத்தில் இருப்பது எப்போதும் உயர் வகை. அடிப்படை வகையை 16 அங்குல ரிம்மோடு பார்த்து, அப்போதும் வடிவம் நிற்கிறதா என்று சோதியுங்கள்.

கண்ணாடிக்கும் தகட்டுக்கும் உள்ள பங்கு

பக்கக் கண்ணாடிகளின் அடி ஓரம் முன்னிருந்து பின்னே போகும் கோட்டை விரலால் தொடர்ந்து பாருங்கள். அது உயர ஏற, கார் தடித்துத் தெரியும். கண்ணாடி உயரம் ஒரு பங்கு, கீழே தகடு இரண்டு பங்கு என்பது வழக்கமான விகிதம். 2005 கிறைஸ்லர் 300 இதை வேண்டுமென்றே மீறியது. ஒடுங்கிய கண்ணாடி, சுவர் போன்ற பக்கம், 120 அங்குல வீல்பேஸ். அதன் வடிவமைப்பாளர் ரால்ஃப் கில்ஸின் பெயரை எல்லோரும் அறியச் செய்த வடிவம் அது. 2011-ல் புது வடிவம் வந்தபோது கண்ணாடிப் பரப்பைக் கூட்டினார்கள், தூண்களை மெலிதாக்கினார்கள். வெளியே பார்க்கும் வசதி கூடியது, அந்த முரட்டுத்தனத்தில் கொஞ்சம் போனது. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி.

கூரை பின்னால் சரிந்து டிக்கிவரை இறங்கும் பாணி இப்போது சாதாரணமாகிவிட்டது. பார்க்க அழகு. ஆனால் பின் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தின் மேல் மூலை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். டிக்கி மூடியையும் திறந்து பாருங்கள். பின் கண்ணாடி நீள நீள, மூடி குட்டையாகும், பெட்டி நுழையும் வாய் சுருங்கும்.

தகட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தல்

பின் சக்கரத்தின் அருகே குந்தி, முன் ஃபெண்டரை (முன் சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகடு) நோக்கிப் பக்கத் தகட்டின் ஓரமாகப் பார்வையை ஓட்டுங்கள். தகட்டில் தெரியும் ஒளிக்கோடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு தலையை மெல்ல மேலும் கீழும் அசையுங்கள். கோடு ஃபெண்டரிலிருந்து முன் கதவுக்கும், அங்கிருந்து பின் கதவுக்கும் உடையாமல் தாண்ட வேண்டும். கதவின் வெட்டில் கோடு படி இறங்கினால் கதவு சரியாகப் பொருத்தப்படவில்லை. கதவின் நடுவில் நெளிந்தால், உள்ளே பலப்படுத்திய தகட்டின் அடையாளமாகவோ பழைய அடியைத் தட்டி எடுத்ததாகவோ இருக்கலாம்.

மடிப்புக் கோடுகளில் தொடக்கமும் முடிவும்தான் முக்கியம். நல்ல கோடு ஏதாவது ஒரு காரணத்தோடு தொடங்கும். ஹெட்லைட்டின் மூலை, சக்கர வளைவு, டெயில் லேம்பின் விளிம்பு எனப் பிடிமானம் இருக்கும். கதவின் நடுவில் திடீரென முளைத்துத் திடீரென மறையும் கோடு பெரும்பாலும் வெறும் தகட்டை நிரப்பப் போட்டது. 2014 செவ்ரோலே இம்பாலாவில் பின் சக்கரத்துக்கு மேலே ஏறி வளையும் மடிப்பைப் பாருங்கள். நீண்ட பக்கத்தை அது இரண்டாகப் பிரித்துப் பின்பகுதிக்குத் தோள் கொடுக்கிறது.

பேனல் இடைவெளியை, அதாவது கதவு, பானட் போன்ற தகடுகளுக்கு நடுவே உள்ள சந்தை அளக்கப் பழைய பிளாஸ்டிக் அட்டைகள் போதும். வங்கி அட்டை ஒன்று 0.76 மி.மீ. கனம், ஐந்தைச் சேர்த்தால் 3.8 மி.மீ. பெயின்ட்டில் கீறல் விழாமல் இடைவெளிக்குள் மெல்ல நுழைத்து மேலே, நடுவே, கீழே மூன்று இடத்தில் பாருங்கள். ஒடுக்கமாக இருப்பதைவிடச் சீராக இருப்பதே பெரிது. பானட்டின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரு அட்டைக்கு மேல் வித்தியாசப்பட்டால், பழைய காராக இருக்கும்பட்சத்தில் அந்த முகம் ஒருமுறை கழற்றி மாட்டப்பட்டதா என்று விசாரிக்க வேண்டும்.

விளக்குகளும் சட்டமும்

அமெரிக்கக் காரின் வெளித்தோற்றத்தில் பாதி விஷயத்தை அந்நாட்டு விதிகள் முடிவு செய்கின்றன. இது தெரியாமல் வடிவமைப்பாளரைத் திட்டக் கூடாது. 1940 முதல் 1983 வரை விதி அனுமதித்த சில நிலையான அளவுகளில் உள்ள சீல்டு பீம் விளக்குகளையே (கண்ணாடியும் இழையும் ஒரே கூடாக மூடப்பட்டவை) வைக்க வேண்டியிருந்தது. விதி தளர்ந்த பிறகுதான் 1986 ஃபோர்டு டாரஸ் போல, விளக்கு உடலோடு வழுவழுப்பாக ஒட்டிய முகம் சாத்தியமானது. முன் மூலைகளில் ஆம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்), பின் மூலைகளில் சிவப்பு என்று பக்க அடையாள விளக்குகள் 1968 முதல் வந்தன. பின் இண்டிகேட்டர் சிவப்பாகவே இருக்கலாம் என்பதும் அங்குள்ள விதி. அதனால்தான் 2013 மாலிபுவின் இரட்டைச் சதுர டெயில் லேம்பில் வடிவமைப்பாளர்கள் செவ்ரோலேயின் ஸ்போர்ட்ஸ் கார் கமாரோவை நினைவூட்ட முடிந்தது.

கடைசியில் முகம்

இப்போது முன்னால் வரலாம். 2013 ஃபோர்டு ஃபியூஷனின் கிரில்லைப் பார்த்து ஆஸ்டன் மார்ட்டின் (பிரிட்டனின் ஆடம்பர ஸ்போர்ட்ஸ் கார்) என்றவர்கள் ஏராளம். அதற்கு முந்தைய ஃபியூஷனின் முகம் மூன்று குரோம் பட்டைகள். கிரில்லைக் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள். 112.2 அங்குல வீல்பேஸும் சரிந்த கூரையும் அப்போதும் காரைத் தாங்கி நிற்கின்றன, அதனால்தான் அந்த முகம் ஒட்டவைத்ததாகத் தெரியவில்லை. மறைத்ததும் எந்தக் கார் என்றே தெரியாமல் போனால், அங்கே புதுமை முகத்தோடு நின்றுவிட்டது.

பம்பரின் ஓரங்களில் உள்ள கறுப்புத் திறப்புகளுக்குள் போன் டார்ச்சை அடியுங்கள். பின்னால் ரேடியேட்டரோ காற்றுக் குழாயோ தெரிந்தால் அது திறப்பு. கறுப்பு பிளாஸ்டிக் தெரிந்தால் அலங்காரம். அலங்காரம் குற்றமல்ல, ஆனால் பெரிய போலித் திறப்புகள் சீக்கிரம் அலுத்துவிடும். கிரில்லுக்குள் கிடைமட்டத் தகடுகள் மூடியிருந்தால் அதைப் போலி என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். அவை தேவைக்கேற்பத் திறந்து மூடும் ஷட்டர்களாக இருக்கலாம்.

விற்பவர் “புது மாடல்” என்றால், பழைய காரின் முன் கதவும் முன் கண்ணாடியும் இதில் பொருந்துமா என்று கேளுங்கள். பொருந்தினால் அது ஃபேஸ்லிஃப்ட், அதாவது வெறும் முகமாற்றம், புது வடிவம் அல்ல. 2019 மாலிபுவுக்கு முகம் புதிது, பக்கவாட்டில் போய் நின்றால் 2016-ன் கதவுகள்தான்.